எங்கட கொப்பி அங்க எத்தினை நாளைக்கு இருக்கும்?

ஏஐயிடம் ஒரு பிடிஎஃப்பைக் குடுத்து "இதைச் சுருக்கித் தா" எண்டு கேட்கிறது இப்ப கம்பஸில் எல்லாரும் செய்யிற காரியம். விரிவுரைக் குறிப்பு, பழைய வினாத்தாள், ஆங்கிலத்தில் இருக்கிற விளங்காத கட்டுரை எல்லாம் அப்படித்தான் போகுது. நான் எழுத வந்தது அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு வேலையைப் பற்றி. ஒரு கோப்பை ஒருமுறை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, நாங்களே எழுதுகிற சின்னச் செய்நிரலில் இருந்து அதே கோப்பைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது.

கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மொத்தமே முப்பது வரி பைதன். ஏஎல்லில் அளவையியலும் தமிழும் வரலாறும் எடுத்து வந்த எனக்கே ஏலுமெண்டால் உங்களுக்கும் ஏலும். கணினிப் பக்கம் படிக்கிற ஒரு நண்பி இரண்டு பின்னேரம் பக்கத்தில் இருந்து காட்டித் தந்தாள். அந்தப் பகுதி லேசு. லேசில்லாத பகுதி வேறு இடத்தில் இருந்தது.

என் கையில் இருந்தது ஒரு கிராமத்து மாதர் சங்கத்தின் பழைய கொப்பி. இரண்டு சீஆர் கொப்பிகளைச் சேர்த்துத் தைத்தது. 1986 முதல் 1997 வரை, 212 பக்கம், எல்லாம் கையெழுத்து. கூட்ட அறிக்கை, சந்தாக் கணக்கு, உறுப்பினருக்குக் குடுத்த சின்னக் கடன்கள், சங்கத்துச் சாமான்களை யார் இரவல் கொண்டுபோனார் என்ற விபரம். 2011 தை மாத வெள்ளத்தில் நனைந்து காய்ந்ததால் பக்கங்களின் ஓரம் அலையலையாக இருக்கும். அப்போதைய செயலாளர் எனக்கு மாமி முறை. அவரின் பெட்டகத்தில்தான் அது இருந்தது. என்னுடைய இறுதி வருட ஆய்வு அந்தக் கடன்களைப் பற்றியது: சண்டைக் காலத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் எதற்காகக் கடன் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எப்படித் திருப்பிக் கட்டினார்கள்.

12 வருடத்துக்கும் ஒரே ஒன்பது கேள்விகளை ஒரே சொல்லில் கேட்க வேண்டும், விடைகளை அட்டவணையாக எடுக்க வேண்டும். சாதாரண சட் பெட்டிக்குள் இருந்து கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் நானே சொற்களை மாற்றிவிடுவேன். 1987க்குக் கேட்டது ஒருவிதம், 1994க்குக் கேட்டது இன்னொரு விதம் எண்டால் இரண்டையும் ஒப்பிடேலாது. அதனால்தான் செய்நிரல்.

செய்நிரலில் இருந்து கோப்பை அனுப்ப இரண்டு வழி. முதலாவது, கேள்வியோடு சேர்த்து முழுக் கோப்பையும் ஒவ்வொரு தரமும் அனுப்புவது. இதற்குக் கோப்பை பேஸ்64 என்கிற எழுத்து வடிவத்துக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். போனால் படம் எடுத்துச் சுருக்கிய என்னுடைய கொப்பி 36 எம்பி. பேஸ்64 ஆக்கினால் 48. ஒன்பது கேள்விக்கு 432 எம்பி. கேள்வியைத் திருத்தித் திருத்தித் திரும்ப ஓட்டுவதை இதில் சேர்க்கவில்லை. ஹொஸ்டலில் ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிற ஆக்களுக்கு இது என்ன கணக்கு எண்டு விளங்கும்.

இரண்டாவது வழி, கோப்பை முதலிலேயே ஏற்றி வைப்பது. ஏற்றி முடிந்ததும் அங்கிருந்து ஒரு அடையாள இலக்கம் வரும். இலக்கமும் எழுத்தும் கலந்த ஒரு நீளச் சரம். அதன் பிறகு அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையிலும் இரண்டே விசயம்: "இந்த இலக்கமுள்ள கோப்பைப் பார்", "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்". 36 எம்பி ஒருதரம்தான் போகும். மற்றதெல்லாம் சில கிலோபைட்.

கோவில் திருவிழாவுக்குப் போனால் சைக்கிள் பார்க்கில் ஒரு துண்டு தருவார்களே, அது மாதிரித்தான் இந்த இலக்கமும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை, துண்டு இருந்தால் போதும். ஆனால் ஒரு வித்தியாசம். அந்தத் துண்டைக் காட்டினால் சைக்கிள் திரும்பக் கிடைக்கும். இந்தத் துண்டைக் காட்டி நீங்கள் ஏற்றிய கோப்பைத் திரும்ப இறக்க ஏலாது. ஜெமினியிலும் அப்படித்தான், அந்த்ரோபிக்கின் கிளோடிலும் அப்படித்தான். மொடலை வாசிக்கச் சொல்லலாம், பட்டியலில் பார்க்கலாம், அழிக்கலாம். திரும்ப எடுக்கிறது மட்டும் இல்லை. ஏற்றியாச்சு, இனிப் பத்திரம் எண்டு நினைத்துப் போனில் இருக்கிற படங்களை அழித்துவிடாதீர்கள்.

எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்பது சேவைக்குச் சேவை மாறும். ஜெமினியில் ஏற்றின கோப்பு 48 மணித்தியாலத்தில் தானாக அழிந்துவிடும். ஒரு கோப்பு 2 ஜீபி வரை, ஒரு திட்டத்துக்கு 20 ஜீபி வரை ஏற்றலாம். வெள்ளிக்கிழமை ஏற்றிப்போட்டு திங்கட்கிழமை அதே இலக்கத்தைக் குடுத்தால் கோரிக்கை பிழைச் செய்தியோடு திரும்பி வரும். சாவி பழுதாப் போச்சோ எண்டு தலையைப் பிய்க்கத் தேவையில்லை, கோப்பு போயிருக்கும். கிளோடில் ஒரு கோப்பு 500 எம்பி வரை ஏற்றலாம், நாங்களாக அழிக்கும்வரை இருக்கும். ஓப்பன்ஏஐயிலும் பொதுவாக அழிக்கும்வரை இருக்கும், வேண்டுமென்றால் ஏற்றும்போதே காலாவதியைச் சொல்லிவிடலாம்.

இந்த விபரமெல்லாம் அவர்களின் ஆவணப் பக்கங்களில் எழுதியிருக்கு. ஆனால் நான் அதைத் தேடிப் போனது ஆர்வத்தால் இல்லை. மாமி கேட்டதால்.

கொப்பியைத் தரும்போதே அவருக்கு விளங்கப்படுத்தினேன். படம் எடுப்பேன், இன்ரநெற்றில் ஒரு இடத்தில் ஏற்றுவேன், அங்கே இருக்கிற ஒரு இயந்திரம் அதை வாசிக்கும் என்று. மாமி அந்தக் காலத்து எஸ்எஸ்சி. முப்பது வருடம் சங்கம் நடத்தினவர். ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

"எங்கட கொப்பி அங்க எத்தினை நாளைக்கு இருக்கும் மனே?"

"வேற ஆரும் எடுத்துப் பாப்பாங்களா?"

"அழிச்சா அழிஞ்சிருமா?"

எங்களுக்கு ஆய்வுமுறையியல் படிப்பித்த பாடத்தில் "தகவலறிந்த சம்மதம்" என்று ஒரு அலகு இருக்கு. ஒரு படிவம் இருக்கு. அந்தப் படிவத்தில் இந்த மூன்று கேள்வியும் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு. ஆனால் மாமிக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது சட்டத்தின் இலக்கத்தை இல்லை. இரண்டு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து வாசித்தேன்.

முதல் கேள்விக்கு விடையை மேலே எழுதிவிட்டேன். இரண்டாவதுதான் பெரிய கேள்வி. ஜெமினி ஏபிஐயின் நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். காசு கட்டாமல் பாவிக்கிற சேவையில் நாங்கள் அனுப்புகிறவற்றைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்தப் பாவிப்போம், மனிதர்களும் அவற்றை வாசிக்கக் கூடும், ஆகவே அந்தரங்கமான, தனிப்பட்ட தகவல்களை அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கு. காசு கட்டிப் பாவிக்கிற சேவையில் அப்படி மேம்படுத்தப் பாவிப்பதில்லை என்றும் எழுதியிருக்கு. ஒளித்து வைத்த விசயம் இல்லை. நாங்கள் "சம்மதம்" பெட்டியில் சரி போட்டுவிட்டுக் கீழே இறங்குகிறோம், அவ்வளவுதான். இலவசம் என்பது மாணவர்களுக்கு வந்த நல்ல வாய்ப்பு, பாரதியைப் பற்றி ஒப்படை எழுத அதைப் பாவியுங்கள். மற்ற ஆக்களின் வாழ்க்கை எழுதியிருக்கிற கொப்பியை அதில் போடுவது வேறு கதை.

இன்னொன்றும் கவனித்தேன். ஏற்றுகிற கோப்பு என்னுடைய பெயருக்குப் போவதில்லை, சாவி யாருடையதோ அந்தக் கணக்குக்குப் போகும். கிளோடில் ஒரு வேலைத்தளத்துக்குள் ஏற்றின கோப்பை அதே வேலைத்தளத்தில் இருக்கிற வேறு சாவியாலும் கூப்பிடலாம். நாங்கள் வட்ஸ்அப்பில் சாவியை மாத்தி மாத்திப் பாவிக்கிற ஆக்கள். "மச்சான், உன்ட கீயைக் குடன்" எண்டு வாங்கி ஒரு கோப்பை ஏற்றினால், அது அந்த மச்சானின் கணக்கில் இருக்கும். நீங்கள் மறந்துபோவீர்கள், அவருக்கு அது என்னவென்றே தெரியாது.

இதையெல்லாம் போய்ச் சொன்னேன். மாமி விறாந்தையில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டே நிபந்தனை போட்டார். காசு கட்டுகிற சேவையில், என்னுடைய சொந்தச் சாவியில் மட்டும். பெயர் இருக்கிற கட்டத்தை மறைத்துத்தான் படம் எடுக்க வேண்டும், பெயருக்குப் பதிலாக இலக்கம், எந்த இலக்கம் யார் என்ற தாள் அவரிடம் இருக்கும். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். இடையில் அவர் "வேண்டாம்" என்றால் எந்தப் பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும்.

கடைசி நிபந்தனை என்னுடைய செய்நிரலையே மாற்றியது. அழிப்பது கோப்புக் கோப்பாகத்தான் நடக்கும். ஒரு பெரிய பிடிஎஃப்பில் இருந்து 84ஆம் பக்கத்தை மட்டும் கிழித்து எடுக்கச் சொல்ல ஏலாது. அதனால் கொப்பியை வருடம் வருடமாகப் பிரித்து 12 கோப்பாக ஏற்றினேன். அதில் வேறு ஆதாயமும் வந்தது. 1988ஐப் பற்றிக் கேட்கும்போது 1988ஐ மட்டும் அனுப்பலாம். ஆனாலும் கோப்பை எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானித்தது மாமியின் "வேண்டாம்" என்கிற சொல்தான்.

12 கோப்பு, 12 இலக்கம். இதை எப்படி நினைவில் வைப்பது? விடை கொப்பிக்குள்ளேயே இருந்தது. சங்கத்துக்குச் சொந்தமாக இரண்டு கிடாரம், பத்துக் கதிரை, நாலு படங்கு. கலியாண வீடு, செத்த வீடு எண்டால் ஊர் ஆக்கள் கொண்டுபோவார்கள். அதற்கென்று மாமி கோடு போட்டு ஒரு பக்கம் வைத்திருந்தார்: சாமான், கொண்டுபோனவர், குடுத்த திகதி, திரும்பி வந்த திகதி. நான் அதையே அப்படியே எடுத்தேன். என்னுடைய மடிக்கணினியில் ஒரு சின்ன அட்டவணை: எந்த வருடம், எந்த இலக்கம், ஏற்றிய திகதி, அழித்த திகதி. செய்நிரல் ஒவ்வொரு கேள்வியையும் அனுப்ப முதல் இந்த அட்டவணையைப் பார்க்கும். அழித்த திகதி வெறுமையாக இருந்தால் அந்த இலக்கத்தைப் பாவிக்கும். நிரம்பியிருந்தால் அந்த வருடத்தைத் தொடாது. நிரலாக்கம் தெரிந்தவர்கள் இதற்கு நல்ல பெயர் ஏதும் வைத்திருப்பார்கள். எனக்கு இது கிடாரக் கணக்கு.

இனி, எங்களில் கனபேர் பிழையாக விளங்கி வைத்திருக்கிற ஒரு இடம். கோப்பை ஏற்றினதால் மொடலுக்கு அது "தெரியும்" எண்டு நினைக்கிறோம். இல்லை. ஏற்றின கோப்பு ஒரு இறாக்கையில் சும்மா இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் இலக்கத்தைக் குடுக்கும்போதுதான் அதை எடுத்து மொடலுக்கு முன்னால் விரிப்பார்கள். அது முதல் பக்கத்தில் இருந்து புதிதாக வாசிக்கும். பதில் சொல்லி முடிந்ததும் மூடிவிடும். அடுத்த கேள்விக்கு இலக்கத்தைக் குடுக்காவிட்டால் "எந்தக் கொப்பி?" என்கிற நிலைதான்.

இதனால் இரண்டு விளைவு. ஒன்று காசு. ஏற்றி வைப்பதற்குக் காசு இல்லாமல் இருக்கலாம், ஆனால் வாசிக்கிற ஒவ்வொரு தரமும் அந்தப் பக்கங்கள் முழுக்க உள்ளீட்டு டோக்கனாகக் கணக்கில் ஏறும். ஜெமினி 2.5 வரிசையில் ஒரு பிடிஎஃப் பக்கம் 258 டோக்கன் என்று எடுத்தால் 212 பக்கம் 54,696. ஒன்பது கேள்விக்கு 492,264. மிச்சமாவது என்னுடைய டேட்டா, டோக்கன் மிச்சமாகாது. இரண்டும் ஒன்றெண்டு நினைத்து இருந்தால் மாத முடிவில் பில் சொல்லித் தரும்.

மற்றது, வாசிப்பு. ஒவ்வொரு முறையும் புது வாசிப்பு என்பதால், முதல் தரம் ஒரு சொல்லைச் சரியாக வாசித்தது அடுத்த தரம் வேறு விதமாக வாசிக்கலாம். பிழையாக வாசித்ததை நாங்கள் திருத்திச் சொன்னாலும் அந்தத் திருத்தம் அடுத்த கோரிக்கைக்குப் போகாது, நாங்களாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாலொழிய. எனக்கு இது விளங்கினது இரண்டு எழுத்தில்.

கடன் பட்டியலில் கடைசிக் கட்டத்தில் மாமி சில வரிகளுக்கு எதிரே "க.இ." என்று எழுதியிருந்தார். 1986 தொடக்கம் 1989 வரை அப்படி ஒன்றுமில்லை. 1990இலும் 1991இலும் சேர்த்து 31 இடத்தில் இருக்கு. நான் பாவித்த மொடல் எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை, எதுவும் இதைச் செய்திருக்கலாம். அது கொஞ்சமும் தயங்காமல் விரித்து எழுதித் தந்தது: "கடன் இல்லை".

அட்டவணை வடிவாக வந்திருந்தது. "1990–91 காலத்தில் 31 உறுப்பினர்கள் கடன் நிலுவை அற்றவர்களாக இருந்தனர், இது சங்கத்தின் நிதி நிலைமை முன்னேறியதைக் காட்டுகிறது" என்கிற தொனியில் ஒரு குறிப்பும் சேர்ந்து வந்தது. வாசிக்கும்போதே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. ஏனெண்டால் அதே வரியில் பக்கத்துக் கட்டத்தில் 300 ரூபா, 500 ரூபா எண்டு கடன் எழுதியிருக்கு. கடன் இல்லாதவருக்கு எதிரே எப்படி 500 ரூபா கடன்? அதோடு 1990 கிழக்கு மாகாணத்தில் யாருடைய நிலைமையும் முன்னேறின வருடம் இல்லை. அந்த வருடம் செப்ரெம்பர் 5ஆம் திகதி, இதே வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். நாங்கள் தினமும் நடந்து போகிற வளவு.

அச்செடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"அது கடன் இல்லை எண்டு இல்ல மனே. கணவர் இல்லை."

பிறகு சொன்னார். கணவர் இல்லாத உறுப்பினருக்கு வட்டி எடுக்கிறதில்லை எண்டு ஒரு கூட்டத்தில் தீர்மானித்தார்களாம். வட்டி கணக்கிடும்போது தெரிய வேண்டும் என்பதற்காகக் குறித்து வைத்தது. "செத்துப்போனார் எண்டு எழுதேலாது, செத்தது ஆருக்குத் தெரியும்? காணேல்ல எண்டு எழுதினா அதுக்கும் பயம், கொப்பியை ஆரும் வந்து பாத்தா? அதான் இல்லை எண்டு மட்டும் எழுதினது. இல்லை எண்டா இல்லைதானே."

31 வரி. ஒரு சங்கத்தில். மொடல் அதை நிதி முன்னேற்றம் எண்டு வாசித்தது.

மொடலைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தமிழில் "க.இ." என்பதைக் கடன் கொப்பியில் கண்டால் கடன் இல்லை எண்டு ஊகிப்பது மடைத்தனமான ஊகம் இல்லை. எங்கட வயதில் இருக்கிற ஒரு ஆய்வு உதவியாளரும் அப்படி ஊகித்திருக்கலாம். ஆனால் அவர் போய்க் கேட்டிருப்பார், கேட்டதை மறக்கமாட்டார். இங்கே கேட்டு வருவதும் நான்தான், மறக்காமல் ஒவ்வொரு தரமும் சொல்ல வேண்டியதும் நான்தான்.

ஆகவே பதின்மூன்றாவது கோப்பு ஒன்று செய்தேன். இதுதான் செய்நிரல் வழியின் உண்மையான பயன் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கோரிக்கையில் ஒரு கோப்பு மட்டும்தான் என்று இல்லை, இரண்டு மூன்று இலக்கத்தைச் சேர்த்துக் குடுக்கலாம். மாமியும் நானும் இருந்து கொப்பியில் வருகிற குறுக்கங்களை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினோம். "க.இ." என்றால் என்ன, "மி.இ." என்றால் மிளகாய் இடிக்க எடுத்த கடன், "கோ.வ." என்றால் கோழி வளர்ப்பு, வட்டமிட்ட இலக்கம் என்றால் தவணை கட்டியாச்சு. அதை ஏற்றி, ஒவ்வொரு கேள்வியிலும் வருடக் கோப்போடு சேர்த்து அனுப்பினேன். கேள்வியின் அடியில் ஒரு வரியும் சேர்த்தேன்: பட்டியலில் இல்லாத குறுக்கத்தை விரிக்க வேண்டாம், இருந்தபடியே எழுது. அதன் பிறகு விரிக்காத குறுக்கங்கள் ஆறு திரும்பி வந்தன. அந்த ஆறையும் கொண்டு மாமியிடம் போனேன். நாலுக்கு விடை தந்தார். இரண்டு அவருக்கும் நினைவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் கணினியில் பட்டியலைத் திருத்தினால் அங்கே ஏற்றி வைத்தது திருந்தாது. பழைய இலக்கம் பழைய பட்டியலைத்தான் காட்டும். திருத்தினதைப் புதிதாக ஏற்றி, புது இலக்கத்தை அட்டவணையில் எழுதி, பழையதை அழிக்க வேண்டும்.

அந்த "க.இ." கதைக்குப் பிறகு மாமி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போன் எடுத்தார். தொண்ணூறும் தொண்ணூற்றொண்டும் வேண்டாமாம். பெயர் மறைச்சிருக்குத்தானே மாமி என்றேன். "பேர் இல்லாட்டியும் எங்களுக்குத் தெரியும் ஆரெண்டு. மூணு பிள்ளை, கோழி வளர்ப்பு, ஐந்நூறு ரூபா. ஊரில அப்படி ஒருத்திதான். அவ இப்பயும் இருக்கா. நான் அவவிட்டக் கேக்கல்ல."

அவ்வளவுதான் காரணம். அந்தக் காரணத்துக்கு மேலே எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. என்னுடைய மேற்பார்வையாளரின் சம்மதமும் என்னுடைய சம்மதமும் மாமியின் சம்மதமும் சேர்ந்தாலும், அந்த ஒருத்தியின் சம்மதம் ஆகாது.

அழிப்பது ஒரு வரி. இலக்கத்தைக் குடுத்து அழி என்று சொன்னால் போதும். பிறகு பட்டியலைக் கூப்பிட்டுப் பார்த்தேன், 13க்குப் பதிலாக 11 இருந்தது. மாமியின் மூன்றாவது கேள்விக்கு இப்போதுதான் சரியாக விடை சொல்லலாம். ஏற்றி வைத்த கோப்பு போகும், அதைத் திரும்பப் பெற ஏலாது, இனி எந்தக் கோரிக்கையும் அதைத் திறக்காது. ஆனால் அதை வாசித்து மொடல் ஏற்கெனவே தந்த விடைகள் என்னுடைய கணினியில் இருந்தன. அச்செடுத்த தாள் என்னுடைய பையில் இருந்தது. அவற்றை எந்த அழிப்புக் கட்டளையும் தொடாது, நான்தான் போய் அழிக்க வேண்டும். அழித்தேன். தாளை மாமியின் அடுப்பில் வைத்தோம். இலவசச் சேவையில் ஏற்றியிருந்தால் இந்த விடையை அவருக்கு இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க ஏலாது.

அந்த இரண்டு வருடமும் 39 பக்கம். மாமி சம்மதித்த பகுதிகளை மட்டும் விறாந்தையில் இருந்து நாலு பின்னேரம் கையால் பிரதி எடுத்தேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கண்டேன். 1990 செப்ரெம்பருக்குப் பிறகு நாலு பக்கத்துக்குக் கையெழுத்து வேறு. மாமி இடம்பெயர்ந்து போயிருந்தபோது வேறு ஒருவர் அறிக்கை எழுதியிருக்கிறார். உருண்டை எழுத்து, பிழைகள் கூட, ஆனால் ஒரு கூட்டமும் விடுபடவில்லை. அந்த மாதங்களில் கூட்டம் நடந்ததே எனக்குப் பெரிய செய்தி. மொடல் அதைச் சொல்லவில்லை. நான் கேட்ட ஒன்பது கேள்விகளில் யார் எழுதினது என்ற கேள்வி இல்லை. செய்நிரல் நான் கேட்டதைத்தான் கேட்கும், ஒரே சொல்லில், சலிக்காமல், 12 தரமும். கேட்கத் தோன்றாததைக் கண்டுபிடிக்க நாலு பின்னேரம் வேண்டியிருந்தது.

மிச்சம் பத்து வருடத்துக்கு அந்தச் செய்நிரல் இல்லாமல் நான் இந்த ஆய்வை முடித்திருக்கமாட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். கடன் எதற்கு எடுத்தார்கள் என்ற அட்டவணை ஒரு கிழமையில் வந்தது. கையால் செய்திருந்தால் இரண்டு மாதம் போயிருக்கும். ஒவ்வொரு பத்து வரிக்கும் ஒரு வரியை மூலக் கொப்பியோடு ஒத்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

கொப்பியை நிரந்தரமாகப் பாதுகாப்பது வேறு வேலை. இந்தச் சேவைகள் நூலகம் இல்லை. ஏற்றினதைத் திருப்பித் தராத இடத்தை ஆவணக்காப்பகம் எண்டு சொல்லேலாது. எங்களுக்கென்று 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கு. சங்கங்களின் மலர்களும் அறிக்கைகளும் எவ்வளவோ அங்கே சேர்ந்திருக்கு. இந்தக் கொப்பியை அங்கே குடுப்பதா, எந்தப் பக்கங்களைக் குடுப்பது என்பதை மாமியும் பழைய உறுப்பினர்களும் கூடிக் கதைத்துத்தான் முடிவு எடுப்பார்கள். அது என்னுடைய முடிவு இல்லை. அதுவரை கொப்பி பெட்டகத்திலும், படங்கள் இரண்டு பென்ட்ரைவிலும் இருக்கு. ஒன்று மாமியிடம்.

போன கிழமை என்னுடைய கிடாரக் கணக்கை அச்செடுத்து மாமிக்குக் காட்டினேன். 13 வரி. இரண்டுக்கு எதிரே அழித்த திகதி இருக்கு, 11 வெறுமை. ஆய்வு ஒப்படைத்ததும் அதையும் நிரப்ப வேண்டும். மாமி மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

"திகதி சரி. ஒப்பம் எங்க? கிடாரம் திரும்பி வந்தா ரெண்டு பேர் ஒப்பம் வைக்கிறது வழமை."

கடைசியில் இன்னொரு கட்டம் கோடு போட்டேன். இரண்டு வரியிலும் நான் ஒப்பம் வைத்தேன், அவரும் வைத்தார்.